மூன்றும் எட்டும்

1

இந்தக் கதை என் அண்ணியுடையது. அவரைக் கேட்காமல் எழுத ஆரம்பித்து, பாதியில் மாட்டிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் அனுமதி வாங்கினேன். இதை நானே ஒப்புக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் அவர் எல்லோரிடமும் சொல்லிவிடுவார்.

அண்ணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். பதிமூன்று மாடி உயரத்தில், காலுக்கடியில் கண்ணாடி பதித்த சின்ன அறை அவருடைய இடம். கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கிக் கீழே நிற்கும் லாரியின் மேல் வைக்க வேண்டும். லாரி வரத் தாமதமானால் கிரேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போது மடித்த செய்தித்தாளையும் பென்சிலையும் எடுப்பார். எண் புதிர் போடுவார்.

(தெரியாதவர்களுக்கு: ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். படுக்கை வரிசை, நெடுக்கு வரிசை, மூன்றுக்கு மூன்று பெட்டி, எதை எடுத்தாலும் ஒன்று முதல் ஒன்பது வரை ஒரு தடவைதான் வரலாம். சில எண்களை அவர்களே தருவார்கள். மீதி நம் பாடு.)

என் முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘பலத்த காற்று வீசியது. கன்டெய்னர் அந்தரத்தில் ஆடியது. புதிர் போட்டுப் போட்டுக் கூர்மையான அவளுடைய மூளை அந்தக் கணத்தில்—’

அண்ணியிடம் படித்துக் காட்டினேன். வெங்காயம் உரிப்பதை அவர் நிறுத்தவில்லை.

“காத்து அடிச்சா வண்டியை நிறுத்திடுவோம். அதுக்கு மூளை வேண்டாம், மீட்டர் இருக்கு.”

“கதைக்காக அண்ணி.”

“புதிர் போட்டா ஏதாவது பலன் இருந்தே ஆகணுமா? போட்டா மனசு லேசாகுது. செருப்பைக் கழட்டிட்டுக் காலை நீட்டிக்கற மாதிரி. அவ்வளவுதான். அதுக்கு மேல எழுதினா நான் பொறுப்பில்ல.”

அந்த வாக்கியத்தை அடித்தேன். அடித்ததை நீங்கள் பார்க்க வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

2

உண்மையில் நடந்தது இது.

ஞாயிற்றுக்கிழமை பெரிய புதிர் வரும். விடையை வெட்டி அனுப்பினால், சரியாகப் போட்டவர்களின் பெயரை அடுத்த ஞாயிறு அச்சிடுவார்கள். பரிசு கிடையாது. பெயர் மட்டும்தான். அண்ணியின் பெயர் ஏழு வருடமாக வந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் வரவில்லை.

அவருக்கு அது முழு ஆச்சரியமாக இல்லை. அந்தப் புதிரின் கடைசி நான்கு கட்டங்களே அவரை உறுத்திக்கொண்டிருந்தன. இரண்டு வரிசையில் இரண்டிரண்டு கட்டங்கள். மேலே மூன்று, எட்டு என்று போட்டால் கீழே எட்டு, மூன்று. மாற்றிப் போட்டாலும் அப்படியே உட்கார்ந்தது. ‘எதையோ கவனிக்காம விட்டுட்டேன்’ என்று நினைத்து, ஒரு விதமாகப் போட்டு அனுப்பிவிட்டார். பத்திரிகை மற்ற விதத்தைச் சரி என்று அச்சிட்டிருந்தது.

அன்று காலை காப்பி ஆறிப்போனது. அண்ணி தான் நகல் எடுத்து வைத்திருந்த விடையை வரிசை வரிசையாக, பெட்டி பெட்டியாகச் சரிபார்த்தார். தப்பு இல்லை. அவர்களுடைய விடையையும் பார்த்தார். அதிலும் தப்பு இல்லை.

“ரெண்டுமே சரியா இருக்குங்க” என்றார் என் அண்ணனிடம்.

அண்ணன் பள்ளியில் கணக்கு வாத்தியார். (இந்த இடத்தில் அண்ணனைக் கொஞ்சம் வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். கூடப் பிறந்தவன். ஆசை இருந்தது. ஆனால் அவன் செய்ததை அப்படியே எழுதினாலே போதும் என்று பட்டது.)

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் அண்ணன் சொன்னான்: “புதிருக்கு ஒரு விடைதான் இருக்கும். நீ எங்கயோ தப்பு பண்ணிருக்க.”

“எங்கன்னு காட்டுங்க.”

“அச்சுல போட்டிருக்கானே.”

“அச்சுல போட்டா ஆயிடுச்சா? நீங்க பசங்களுக்கு இப்படித்தான் சொல்லித் தர்றீங்களா?”

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவன் அவன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அரை மணி நேரம் நாலாவது காலைத் தேடினான். கடைசியில் பென்சிலை வைத்தான்.

“சரிதான்” என்றான். கொஞ்சம் கழித்து, “அப்போ அவன்தான் தப்பு” என்றான், தானே கண்டுபிடித்த மாதிரி.

3

அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டார். பத்திரிகையில் ஒரு குரல், “கம்ப்யூட்டர் போடற புதிர் மேடம், தப்பு வராது” என்று சொல்லி வைத்துவிட்டது.

இங்கே நான் எழுதிய வரி: ‘அவள் மனம் உடைந்து—’

உடையவில்லை. வார விடுமுறை நாளில் தலை வாரி, நல்ல செருப்பு போட்டுக்கொண்டு நேரில் கிளம்பினார்.

புதிர்ப் பக்கத்தைப் பார்ப்பவர் மெய்ப்புத் திருத்துபவர். ஜன்னலே இல்லாத அறையில் மூன்று மேசைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அண்ணி எதிரில் உட்கார்ந்து நான்கு கட்டங்களையும் வட்டமிட்டு, எண்களை மாற்றி மாற்றி எழுதிக் காட்டினார். மனிதர் எழுந்து போய் மூலப் பிரதியை எடுத்து வந்தார். அதில், அந்த நான்கில் ஒரு கட்டத்தில் மூன்று என்று முதலிலேயே கொடுத்திருந்தது. பக்கம் அமைக்கும்போது அந்த மூன்று விழுந்துவிட்டது. வாசகர்களுக்குப் போனது வெற்றுக் கட்டம்.

“மன்னிச்சுக்கோங்க மேடம். உங்க பேரை இந்த ஞாயிறே போட்டுடறேன்.”

காரியம் முடிந்தது. எழுந்து வந்திருக்கலாம். அண்ணி எழுந்திருக்கவில்லை.

“தப்புன்னு ஒதுக்கின மத்த விடையெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?”

மனிதர் தயங்கி, கீழ் இழுப்பறையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு காகிதக் கட்டை எடுத்தார். அறுபத்திரண்டு விடைகள். பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அண்ணி பார்க்க ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் மீதியை அவர் எடுத்துக்கொண்டார். சிலது உண்மையிலேயே தப்பு. ஒருவர் ஒரே வரிசையில் இரண்டு ஐந்து போட்டிருந்தார். ஆனால் நடுநடுவே அண்ணியின் விடையே வந்தது. நீல மையில், பச்சை மையில், நடுங்கிய கையெழுத்தில். அண்ணியின் விடையைச் சேர்க்காமல் பதினேழு பேர்.

ஒன்றின் அடியில் எழுதியிருந்தது: ‘கடைசியில் எப்படிப் போட்டாலும் வருகிறது. எனக்கு வயதாகிவிட்டது, மூளை வேலை செய்யவில்லை என்கிறாள் மகள். இருந்தாலும் அனுப்புகிறேன்.’

அண்ணி அதை இரண்டு தடவை படித்தாராம். என்னிடம் சொல்லும்போது கூட, கையிலிருந்த கரண்டியை ஒரு நிமிடம் அடுப்பு மேடையில் வைத்துவிட்டார்.

“பதினேழு பேர், பதினேழு வீட்டுல. ஒவ்வொருத்தரும் நமக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு பேசாம உக்காந்திருக்காங்க பாரு.”

மெய்ப்புத் திருத்துபவரிடம் அவர் சொன்னது இதுதான்: “என் பேரு மட்டும் வேண்டாம். எல்லார் பேரும் வரணும். ரெண்டு விடையும் சரின்னு எழுதணும். தப்பு உங்களுதுன்னும் எழுதணும்.”

மூன்றாவதுக்கு அவர் கொஞ்சம் நெளிந்தார். அண்ணி காத்திருந்தார். காத்திருப்பது அண்ணியின் தொழில்.

“போடறேன் மேடம்” என்றார் அவர் கடைசியில். “அப்படியே வாரா வாரம் வந்து நீங்களே சரிபார்த்துக் கொடுத்தா நல்லா இருக்கும்.”

“பொழுதுபோக்கை வேலையாக்கிட்டா அப்புறம் பொழுதுக்கு நான் எங்க போறது?” என்று சொல்லிவிட்டு அண்ணி பஸ் பிடித்தார்.

4

ஞாயிறு வந்தது. கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: இரண்டு விடைகளும் சரியானவை, பிழை எங்களுடையது, கீழ்க்கண்ட பதினெட்டுப் பேருக்கும் எங்கள் மன்னிப்பும் பாராட்டும்.

அண்ணன் அதை உரக்கப் படித்தான். பதினெட்டுப் பெயர்களையும், தன் வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல. மனைவியின் பெயர் வந்ததும் நிறுத்தி அவரைப் பார்த்தான். அண்ணி, “உள்ளேன் ஐயா” என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். நான் இதோடு முற்றுப்புள்ளி வைத்து அனுப்பவும் தயாரானேன். ஆனால் புதன்கிழமை பத்திரிகை அலுவலகத்தின் வழியாக அண்ணிக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் அந்தப் பதினேழு பேரில் ஒருவர்.

“யாரு அண்ணி? என்ன எழுதிருக்கு? கதைக்கு வேணும்.”

“உறையில யார் பேரு இருக்கு?”

“உங்க பேரு.”

“அப்போ எனக்குத்தானே வந்திருக்கு” என்று பிரிக்காமலே சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு நடந்ததை நான் விசாரித்துத்தான் எழுதுகிறேன். கீழே நின்று வயர்லெஸ்ஸில் உத்தரவு கொடுக்கும் மேற்பார்வையாளருக்கு, குரல் வளத்தினால், ‘மைக்’ என்று பட்டப்பெயர். அவர் சொன்னது: பதினோரு மணி வாக்கில் லாரி தாமதம், கிரேன் நின்றிருந்தது. திடீரென்று வயர்லெஸ்ஸில் சிரிப்புச் சத்தம். பொத்தானில் கை பட்டிருக்க வேண்டும். “பதினஞ்சு வருஷமா அவங்க குரலைக் கேக்கறேன். ‘தூக்கறேன்’, ‘இறக்கறேன்’, இந்த ரெண்டுதான். அன்னிக்குத் துறைமுகம் பூரா கேட்டுச்சு. நானும் என்னன்னு தெரியாம சிரிச்சேன்.”

கடிதத்தில் என்ன இருந்தது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். வயதாகிவிட்டது என்று எழுதியவரின் மகளைப் பற்றி ஒன்று. கிழித்துவிட்டேன். நன்றி சொல்லி ஒன்று. அதற்கு யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். மூன்றாவது வேடிக்கையாகத்தான் வந்தது. அண்ணியிடம் காட்டினேன். படித்துவிட்டு, “இது இல்ல” என்றார்.

“பின்ன என்னதான் அண்ணி?”

அவர் அந்த வாரப் புதிரை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். பென்சிலின் முனையைப் பார்த்தார்.

“படிக்கறவங்களைக் கேளு” என்றார். “கண்டுபிடிக்கத் தெரிஞ்சவங்க பதினேழு பேராவது இருப்பாங்க.”

கேட்கிறேன். எழுதுங்கள். ஒதுக்கி வைக்க மாட்டேன்.