குங்கிலியம் வைத்து அடைத்த கார்

விற்கப்போகிற காரின் இன்ஜினை, விற்கிற அன்று காலையில் உட்கார்ந்து துடைக்கிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"எதுக்குடா இந்த வேல? மத்தியானத்துக்கு மேல அது ஞானசேகரன் காரு," என்றார் சடையப்பன் மாமா.

மாமா என் அக்கா அமராவதியின் புருஷன். கடலூர் துறைமுகத்தில் தோணி ஓட்டுகிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் முதலில் கரையேறி டாக்சி வாங்கியவர் அவர்தான், ஓட்டுகிறவன் நான். போன மழைக்காலம் வரை கார் ராஜா மாதிரி ஓடியது. அப்புறம் இன்ஜினிலிருந்து ஆயில் ஒழுக ஆரம்பித்தது. நின்ற இடமெல்லாம் கறுப்பு வட்டம். ஏறுகிறவர்கள் கருகல் நாற்றம் என்று மூக்கைப் பிடித்தார்கள். மாமா சலித்துப்போய், பண்ருட்டி முந்திரி வியாபாரி ஞானசேகரனிடம் காரைத் தருவதாகப் பேசி முடித்துவிட்டார். சிதம்பரத்துக்கு வேலையாகப் போயிருந்த அவர், காரை அங்கேயே கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

கார் போனால் மாமாவுக்குத் தோணி இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது?

"மாமா, சிதம்பரம் போறதுக்குள்ள ஒழுவல நிறுத்திட்டன்னா விக்கக் கூடாது."

"நிறுத்திட்டா நான் ஏன்டா விக்கப்போறேன்? நீயும் மாசக்கணக்கா இதத்தான் சொல்லிக்கினு இருக்கற."

இந்தத் தடவை எனக்கு வழி தெரியும். ஆயில் சொட்டுகிற இடம் ஒன்று, கிளம்புகிற இடம் இன்னொன்று. மேலே கசிந்தது கீழே இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் முதலில் மண்ணெண்ணெய் தொட்டு இன்ஜினைப் பளிச்சென்று துடைத்தேன். பிறகு அக்காவிடம் அரிசி மாவு கேட்டேன்.

"கொழுக்கட்டைக்கு இடிச்சு வெச்ச மாவுடா அது."

"இன்ஜினுக்கும் கொழுக்கட்டதான்க்கா."

திட்டிக்கொண்டே கொடுத்தாள். மெல்லிய துணியில் மாவைக் கட்டி இன்ஜின் முழுக்கத் தட்டினேன். ஸ்டார்ட் செய்து ஓடவிட்டதும் மேல்மூடியின் ஓரத்தில் மாவு நனைந்து கறுத்தது. அகப்பட்டது திருடன். மூடியைக் கழற்றி, புது கார்க் பேக்கிங் வைத்து, போல்ட்டுகளை ஒரே சீராக முறுக்கினேன்.

"முடிஞ்சுது மாமா. ஏறுங்க."

திரும்பவும் மாவு தட்டிக்கொண்டு கிளம்பினோம். ஆலப்பாக்கம் தாண்டுகிறவரை நான் விசிலடித்தேன். புதுச்சத்திரத்தில் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி பானெட்டைத் தூக்கினேன்.

மேல்மூடி காய்ந்திருந்தது. ஆனால் முன்பக்கம் ஈரம், பக்கவாட்டில் ஈரம், பின்பக்கம் ஈரம்.

மாமா எட்டிப்பார்த்தார். "கொழுக்கட்ட வெந்துடுச்சு மச்சான்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மூன்று பக்கம் ஒழுகுமா? எல்லா பேக்கிங்கும் சேர்ந்தாற்போல் கெடுமா? உள்ளேயிருந்து எதுவோ முட்டித் தள்ளுகிறது.

இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்றும் ஆயிலும் என் முகத்தில் அடித்தன. அப்படியே தரையில் படுத்துக் காருக்கடியில் போனேன். ஓடுகிற இன்ஜினுக்குள் சேருகிற புகைக்காற்று வெளியேற, கீழ்நோக்கி ஒரு குழாய் தொங்கும். அதன் வாயில் விரலை விட்டேன். போகவில்லை. கல் மாதிரி இறுகியிருந்தது.

"மாமா, இந்தக் கொழாய அடச்சது யாரு?"

"நான்தான்," என்றார் மாமா, பெருமையாகவே. "மழையப்ப அது முனையில ரெண்டு சொட்டு நின்னுச்சு. பஞ்ச எடுத்து, உருக்குன குங்கிலியத்துல தோச்சு அடச்சுட்டன். ஆயில் ஊத்துற மூடியில கூட ஒரு பொடி ஓட்ட இருந்துச்சு, அதையும் வுடல. எங்க தோணிய வந்து பாரு, பலக இடுக்குல ஒரு பொட்டு தண்ணி வராது."

"தோணியில வெளியேருந்து தண்ணி உள்ள வருது. இங்க உள்ளேருந்து காத்து வெளிய போவணும் மாமா. மூக்கையும் வாயையும் பொத்திக்கினு ஓடச் சொன்னா ஓடுவீங்களா?"

மாமா குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நான் அடச்சதாலதான்..."

"போவ வழியில்லாம மத்த எடத்துல பிச்சுக்கினு வந்துச்சு."

"நல்ல குங்கிலியம்டா அது," என்றார் மெதுவாக.

நல்ல குங்கிலியம்தான். கம்பியால் குத்தினேன், அசையவில்லை. குழாயைக் கழற்றிக்கொண்டு போய் டீக்கடை அடுப்பில் காட்டினோம். கடை முழுக்கச் சாம்பிராணி மணம். இளகினதும் மாமாவே கம்பியை வாங்கி, பஞ்சை ஒரே இழுப்பில் உருவினார். அடைத்த கைக்குத்தானே உருவத் தெரியும். மூடியின் துளையை நான் ஊசியால் திறந்தேன். குழாயை மாட்டி, குறைந்திருந்த அளவுக்கு ஆயில் ஊற்றி, ஈரத்தைத் துடைத்து, மிச்ச மாவையெல்லாம் தட்டினேன். இந்தத் தடவை விசிலடிக்கவில்லை.

சிதம்பரம் கீழவீதியில் ஞானசேகரன் காத்திருந்தார். விவரமான மனுஷர். பானெட்டைக்கூடத் தொடவில்லை, தோளிலிருந்த வெள்ளைத் துண்டை இன்ஜினுக்கு அடியில் விரித்து, "ஓடிக்கினு இருக்கட்டும்," என்று காப்பி குடிக்கப் போனார். மாமா தூணோரம் நின்று வீதியைப் பார்த்தார். நான் துண்டைத்தான் பார்த்தேன்.

திரும்பி வந்து ஞானசேகரன் துண்டை உருவி உதறினார். வெள்ளையாகப் புழுதி பறந்தது.

"இன்னாய்யா சடையப்பா, ஆயில் ஒழுவும்னு சொன்ன, மாவு ஒழுவுது. சரி, பேசுனபடியே எடுத்துக்கறேன்."

மாமா தொண்டையைச் செருமினார். "நாம பேசுனது ஒழுவுற காருக்கு."

"இதான அது?"

"இது ஒழுவலியே. எங்கிட்ட இப்ப ஒழுவுற காரு இல்ல."

ஞானசேகரன் மாமாவை முறைத்தார். நான் காருக்குள் ஏறி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வெவகாரம் புடிச்ச ஆளுய்யா நீ. இந்தக் கார நம்பி பஸ்ஸ வேற வுட்டுட்டன். நான் எப்படிப் பண்ருட்டி போறது?"

மாமா பின்கதவைத் திறந்துவிட்டார். "டாக்சி எதுக்கு இருக்குது? ஏறுங்க. மச்சான், எடு."

எடுத்தேன். வீதி முனை திரும்புவதற்குள் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"சாம்பிராணி வாசன ஜாஸ்தியா இருக்குதே, இன்னாது?"

"வண்டிக்கு ஒரு பூச போட்டோம், புதுச்சத்திரத்துல," என்றார் மாமா, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு.