ஜன்னலோரக் கைக்குட்டை

ரயில் சிநேகிதர்கள் வருகிறார்கள் என்று புருஷன் தீனதயாளன் போனில் சொன்னதும், ஜீவா கரும்பு வெட்டுக்கு ஒருநாள் லீவு சொல்லிவிட்டு இரண்டு நாட்டுக்கோழிகளை அறுத்தாள்.

அவன் சென்னைப் பாரிமுனையில் மூட்டை தூக்குகிறவன். கூடுவாஞ்சேரியில் நாலு பேரோடு ஒரு ரூமில் கிடந்து, தினம் காலையில் லோக்கல் ரயில் பிடிப்பான். மாசத்துக்கு ஒருதரம் சொந்த ஊரான வடக்கனந்தலுக்கு வருவான்; தின்பான், தூங்குவான், போவான். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் 'உம்', 'சரி' இரண்டைத் தவிர அவன் வாயிலிருந்து அவள் அதிகம் வாங்கியதில்லை.

பக்கத்து மலையில் அருவிக் குளியல் முடித்து மத்தியானம் வேன் வந்து நின்றது. தீனதயாளனையும் சேர்த்து, தினமும் ஒரே பெட்டியில் போகிற ஒன்பது பேர். ஈரத் தலையோடு முதலில் குதித்தவள் பிரின்சி; துணிக்கடையில் பில் போடுகிறவள்.

"தீனாண்ணே, வூடு சூப்பருண்ணே!"

தீனாவாம். தாலி கட்டின நாளிலிருந்து ஜீவா அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை. இவள் பாதியாக நறுக்கி வைத்துக் கூப்பிடுகிறாள்.

இலை போட்டதும் ஜீவா புருஷனுக்கு முதலில் ஊறுகாய் வைத்தாள். பிரின்சி கையை நீட்டி அதை வழித்துத் தன் இலையில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணனுக்கு பிரஷர் ஜாஸ்திக்கா. உப்பு ஆகாது. போன மாசம் மாம்பலத்துல மயங்கி வுழுந்துட்டாரு, நாங்கதான ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடினோம்? உங்களாண்ட சொல்லலியா?"

ஜீவாவின் கையில் கரண்டி நின்றது. தீனதயாளன் இலையைப் பார்த்தபடி, "சொன்னா நீ பயப்புடுவ" என்றான்.

"செத்தா மட்டும் போன் போட்டுச் சொல்லுவீங்களா?"

பேச்சை மாற்ற நினைத்த இன்னொரு சிநேகிதன் பிரிட்டோ இன்னும் கெடுத்தான்.

"அண்ணி, அதெல்லாம் வுடுங்க. அண்ணனைப் பாடச் சொல்லுங்க. தாம்பரத்துல ஆரம்பிச்சா கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் ரகளைதான்!"

"யாரு, இவுரா?"

"பின்ன? எங்க பெட்டிக்கே அவுருதான் பாகவதரு."

சேற்றில் நின்று கரும்பு வெட்டும் மனுஷிக்கு ஒரு உம். ஊர்பேர் தெரியாத கூட்டத்துக்குப் பாட்டு. பெற்ற பெண்ணைத் தூளியில் போட்டு ஆட்டியபோதுகூட அவன் ஒரு வரி முனகியதில்லை. அந்தப் பெண் இப்போது விழுப்புரம் ஹாஸ்டலில் இருக்கிறது. மிச்சக் குழம்பைச் சட்டியோடு கவிழ்த்துவிடலாமா என்றிருந்தது ஜீவாவுக்கு. கோழி அவள் வளர்த்தது; மனசு வரவில்லை.

நாலரைக்கு எல்லோரும் கிளம்பினார்கள். பிரின்சி முதலில் ஏறி, தன் பக்கத்து ஜன்னலோர சீட்டில் பூப்போட்ட கைக்குட்டையைப் போட்டாள்.

"இன்னாது அது?" என்றாள் ஜீவா, கீழே நின்று.

"அண்ணனுக்குக்கா. செங்கல்பட்டுல வண்டி காலியா கெடக்கும், நான் ஏறினதும் கர்ச்சீப்பு போட்டுருவேன். கூடுவாஞ்சேரில அவரு வந்து எடுத்துட்டு ஒக்காருவாரு. மூணு வருசமா இதான் பழக்கம்."

மூன்று வருஷமாக.

ஜீவா உள்ளே போனாள். ஒரு பையில் இரண்டு புடவையைத் திணித்தாள். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு ராஜாம்பாளிடம் எறிந்தாள்.

"யக்கோவ், கோழிக்குத் தீனி போடு!"

அவள் வேனில் ஏறியதைப் பார்த்து தீனதயாளன் பதறினான். "ஏய், நாளைக்குக் கரும்பு வெட்டு கீதே?"

"கரும்பு எங்கியும் ஓடாது. உங்கள எந்த டாக்டரு பார்த்தாருன்னு நானும் பாக்கணும்."

"ரூம்ல நாலு ஆம்பளைங்க கீறாங்க!"

"வேற ரூம் பாருங்க."

கைக்குட்டையை எடுத்தாள். கழுத்து வியர்வையை அதிலேயே அழுத்தித் துடைத்து, மடித்து, பிரின்சியின் மடியில் வைத்தாள். "உன்னுது, பத்திரமா வச்சிக்க" என்று ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். அவன் கடைசி சீட்டுக்குப் போனான், டயர் மேட்டில் முழங்கால் முட்ட.

வேன் எலவனாசூர்கோட்டையைத் தாண்டியது. அப்புறம் ஜீவா திரும்பாமலேயே சொன்னாள்:

"பாடுங்க. நானும் கேக்கறேன்."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். குரல் அப்படியொன்றும் பிரமாதமில்லை, இரண்டு இடத்தில் பிசிறு வேறு தட்டியது. இதற்கா இத்தனை ஆட்டம் என்று நினைத்தாள். ஆனாலும் ஜன்னல் காற்று சத்தத்தை அள்ளிக்கொண்டு போகாமலிருக்கக் கண்ணாடியை இழுத்துச் சாத்தினாள்.

பிரின்சி தாளம் போட விரலைத் தூக்கினாள். ஜீவா அந்த விரலையே பார்த்தாள். விரல் இறங்கிவிட்டது.