பாதி ஷட்டர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. ஃபேன் காற்று எல்லாருக்கும் வரும், நெருக்கியே உட்காரலாம். ஒரு கதை சொல்லப்போகிறேன். சாவு வீட்டுக் கதைதான், ஆனால் பாதிக்கு மேல் நடந்தது ஒரு கடைத்தெருவில். பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. கோபம்தான் வரும்.

கனிமொழி அந்த இரும்பு கேட்டின் பூட்டைக் கருங்கல்லால் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த செக்யூரிட்டி எழுந்து வரவில்லை. மணி பதினொன்று ஆகப்போகிறது. அரை கிலோமீட்டர் தள்ளி, நூம்பல் வீட்டில், அவளுடைய அப்பா பக்தவத்சலம் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். முந்தின நாள் விடியற்காலை காப்பி ஆறுவதற்குள் போன உயிர். பன்னிரண்டு மணிக்கு ரதம் கிளம்பும். ஒரு மணிக்கு மயானத்தில் நேரம் வாங்கியிருந்தான் தம்பி ஸ்ரீநாத். அதற்குள் இந்த கேட் திறக்க வேண்டும். உள்ளே பதினேழாம் நம்பர் கடையின் ஷட்டரைத் தூக்க வேண்டும். அப்பா அந்த வழியாகப் போகும்போது அதைப் பாதி இறக்க வேண்டும்.

கேட்டுக்கு மேலே ‘கொன்றை ஷாப்பிங் வில்லேஜ்’ என்று இருந்த பலகையில் இப்போது ‘கொன்’ மட்டும் மிச்சம்.

அவள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது திறந்த இடம் அது. நாற்பத்திரண்டு கடைகள், ஒவ்வொன்றும் ஓடு வேய்ந்த சின்ன வீடு மாதிரி. நடுவில் வாத்துகள் நீந்துகிற குளம், அதன்மேல் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடிகிற மரப்பாலம். செங்கல் பாதை நேராகப் போகாது. வளைந்து வளைந்து எல்லாக் கடை வாசலையும் தொட்டுவிட்டுத்தான் பின் கேட்டுக்குப் போகும். சனிக்கிழமை சாயங்காலம் ஆவடி குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். எதுவும் வாங்காவிட்டாலும் பாலத்தில் நின்று வாத்துக்குப் பொரி போடாமல் போகமாட்டார்கள். பதினேழாம் நம்பரில் அப்பா வைத்திருந்தது ஃபேன்சி ஸ்டோர். கனிமொழி வீட்டுப்பாடம் எழுதியதெல்லாம் கல்லா மேசைக்குக் கீழே, வளையல் பெட்டிகளுக்கு நடுவில்தான். எந்தக் கொலுசு கடக்கிறது என்று பார்த்துக்கொண்டே கணக்குப் போடுவாள், தப்பாகத்தான் வரும்.

கட்டியவர் செத்ததும் பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒழுகிய கூரைக்கு ஓடு மாற்ற ஆள் இல்லை. குளத்தில் சாக்கடை கலந்தது. பைபாஸ் பக்கம் ஏசி போட்ட கடைகள் வந்தன. கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கரண்ட்டைத் துண்டித்த பிறகும் நான்கு மாதம் எமர்ஜென்சி லைட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்பாதான் கடைசியாகப் பூட்டினார். அதுவும் ஏழு வருஷம் ஆகிறது.

அங்கே ஒரு பழக்கம் இருந்தது. கடைக்காரர் வீட்டில் யார் செத்தாலும் அந்தப் பாதை வழியாகத்தான் எடுத்துப்போவார்கள். உடல் வர வர, ஒவ்வொரு கடையாக ஷட்டர் பாதி இறங்கும். பாதிதான். சங்கச் செயலாளர் என்ற முறையில் அப்பா அதில் கறாராக இருந்தார். முழுக்க இறக்கினால் அது கடை சாத்துவது, பாதி இறக்கினால்தான் மரியாதை என்பார். முன்னாலேயே போய் ஒவ்வொரு ஷட்டரும் முழுதாக மேலே ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். கனிமொழியின் அம்மா நாகம்மாள் போனபோது நாற்பத்திரண்டும் இறங்கின. பதினாறு வயதுப் பெண், அந்தக் கடகடச் சத்தத்துக்குப் பின்னாலேயே நடந்தாள்.

போன ஐப்பசியில் ஒருநாள், அப்பாவுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். வேப்பம்பட்டில் இருக்கிற தன் வீட்டுக்கு ரயில் பிடிக்கிற அவசரம். அப்போதுதான் அவர் கேட்டார்.

“உங்கம்மாவுக்கு நாப்பத்திரெண்டும் எறங்குச்சு. எனக்கு ஒண்ணு எறங்குனா போதும், கனி. செய்வியா?”

செய்கிறேன்பா என்றாள். பேச்சை முடிக்கச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். சொன்னது சொன்னதுதானே.

செக்யூரிட்டி சிவராமன் ஒருவழியாக வந்தார். ஓனர் ஆபீசில் அனுமதி வாங்கி வரச் சொன்னார். அவர் கொடுத்த நம்பருக்குப் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண், எழுத்துமூலமாக அனுப்புங்கள், மூன்று வேலை நாளில் பதில் வரும் என்றாள். மூன்று நாள் வைத்திருக்க முடியாது, இது பிணம் என்றாள் கனிமொழி. அந்தப் பெண் வருத்தம் தெரிவித்துவிட்டு, அதையும் எழுதியே அனுப்பச் சொன்னாள். நடுவில் ஸ்ரீநாத் இரண்டு தடவை கூப்பிட்டான். வானகரத்தில் பதினொன்றாவது மாடியில் இருப்பவன், இந்த வழிக்கே வந்து வருஷக்கணக்காகிறது.

“அங்க யாருக்கா இருக்கா? பாம்புதான் இருக்கும். அதுங்களா ஷட்டர் எறக்கப்போகுது? நேரா மெயின் ரோட்ல போயிடலாம், ஸ்லாட் போயிடும்.”

அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

கடைசியில் கேட்டைத் திறக்கவைத்தது ஜெபா. முன்பு உள்ளே பிளவுஸ் துணிக்கடை வைத்திருந்தவள், இப்போது அதே மதில் ஓரத்தில் இட்லிக் கடை போட்டிருக்கிறாள். கரண்டியோடே எழுந்து வந்தாள்.

“இன்னா சிவராமா, தெனம் என்னாண்ட ரெண்டு தபா சட்னி வாங்கித் துன்னுகினு கீறியே, அத்த இன்னா ஓனரக் கேட்டுகினா துன்ன? அண்ணாத்தே இந்த எடத்துக்கு எத்தினி வருசம் உழைச்சாரு தெரியுமா. தொற.”

சிவராமனுக்கும் குடும்பம் இருந்தது, மேலே கேமராவும் இருந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பூட்டைத் திறந்தார். வண்டி உள்ளே நிற்கக் கூடாது, போய்க்கொண்டே இருக்க வேண்டும், இந்தக் கேட்டில் நுழைந்தால் அந்தக் கேட்டில் வெளியே என்றார். பின் கேட்டையும் திறக்கப் போனார்.

பாதையில் எருக்கஞ்செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது. குளத்தில் இடித்த வீட்டுக் கற்களும் தெர்மாகோலும். பாலம் இருந்த இடத்தில் இரண்டு கம்பிகள். இரண்டு பக்கமும் ஷட்டர்கள் எல்லாம் துருவேறி, அடி மண்ணில் புதைந்து மூடிக் கிடந்தன. ரதம் வருகிற அகலத்துக்கு ஜெபா அரிவாளால் செடியை வெட்டிக்கொண்டே வந்தாள், வெட்டும்போதெல்லாம் யாரையோ திட்டினாள்.

பதினேழாம் நம்பருக்கு முகமது ஆசிக், பின் கேட் திறந்ததும் அந்த வழியாக முந்தி வந்திருந்தார். பக்கத்துக் கடையில் முப்பது வருஷம் கடிகாரம் விற்றவர். மண்ணெண்ணெய்ப் புட்டி, கடப்பாரை, பழைய துணி எல்லாவற்றோடும் வந்திருந்தார். முட்டி வலியால் உட்கார முடியாமல் குனிந்தபடியே பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சாவி, அப்பாவின் அரைஞாண் கயிற்றில் ஏழு வருஷம் இருந்த சாவி. காலையில் குளிப்பாட்டும்போது ஸ்ரீநாத் அறுத்துக் கொண்டுவந்து அவள் கையில் போட்டிருந்தான். ஒரு பூட்டு அதற்குத் திறந்தது. இன்னொன்றை உடைத்தார்கள்.

ஷட்டர் அசையவில்லை. மூன்று பேரும் கைகொடுத்தார்கள். அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். கனிமொழியின் உள்ளங்கை முழுக்கத் துரு. ஒரு சாண் ஏறி நின்றது. மறுபடி எண்ணெய். மார்பளவுக்கு ஏறியது.

இது போதும் என்றார் ஆசிக். “வண்டி வந்தா இப்டியே ஒரு ஜாண் எறக்கிடலாம் மா. மேல தூக்காத, பொட்டிக்குள்ள பட்டையெல்லாம் வளைஞ்சி கெடக்கும்.”

ஜெபா ஒத்துக்கொள்ளவில்லை. முழுதாக ஏறியிருந்தால்தானே பாதி இறங்குவது பாதி இறங்குவதாகும். பாதியில் நிற்கிறதை இன்னும் கொஞ்சம் இறக்கினால் அதற்கு என்ன பேர்? அண்ணாத்தே இருந்திருந்தால் ஒத்துக்கொள்வாரா? ஆசிக் கனிமொழியைப் பார்த்தார். அவர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

“தூக்கலாம் பாய்,” என்றாள்.

தூக்கினார்கள். கடைசி இரண்டடிக்குப் பெரிய சத்தத்தோடு ஏறிப் போய், மேலே பெட்டிக்குள் டமாரென்று அடித்து நின்றது. மேலிருந்து மண்ணும் பல்லி முட்டையும் கொட்டின. ஏழு வருஷத்துக்குப் பிறகு வெயில் உள்ளே போனது. கண்ணாடி அலமாரியில் வளையல்கள் நிறம் வெளிறி, வைத்தது வைத்தபடி இருந்தன. கனிமொழி அதைப் பார்க்கவில்லை. ஒரு தடவை இறக்கிப் பார்த்துவிடலாம் பாய் என்றாள்.

இறங்கவில்லை.

ஆசிக் கொக்கியை மாட்டி இழுத்தார். ஜெபா இழுத்தாள். ஆசிக்கின் கால்கள் தரையிலிருந்து எழும்பின, ஷட்டர் எழும்பின இடத்திலேயே இருந்தது. மேலே பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டுவிட்டன. கனிமொழி அதைக் கல்லால் அடித்தாள். கடப்பாரையால் குத்தினாள். இதைத் திறக்க ஒரு மணி நேரம் கெஞ்சியாகிவிட்டது, இப்போது மூடவும் கெஞ்ச வேண்டுமா என்று யாரிடம் கேட்பது? கட்டியவனின் பிள்ளைகளிடமா, எழுத்துமூலமாகவா?

மேளச் சத்தம் கேட்டது.

ரதம் முன் கேட்டுக்குள் நுழைந்து, பள்ளத்தில் விழுந்து எழுந்து, ஊர்ந்து வந்தது. ஸ்ரீநாத் முன்னால் நடந்து வந்தான், ஈர வேட்டியோடு, கையில் கொள்ளிச்சட்டியோடு. மெயின் ரோட்டில்தான் போவான் என்று அவள் நினைத்திருந்தாள். முதல் கடையிலிருந்து பதினாறாம் கடை வரை இரண்டு பக்கமும் எதுவும் அசையவில்லை. மேளக்காரர்கள்கூட அடியைக் குறைத்துக்கொண்டார்கள்.

கடைக்கு முன்னால் ரதம் நின்றது. நிற்கக் கூடாது என்று சிவராமன் தூரத்திலிருந்து கையை ஆட்டினார்.

“எறக்கு,” என்றான் ஸ்ரீநாத்.

“மாட்டிக்கிச்சுடா.”

“எறக்குக்கா. எல்லாரும் நிக்கிறாங்க.”

“எறங்கலைடா.”

அவன் ஷட்டரைப் பார்த்தான். ரதத்தைப் பார்த்தான். பிறகு கொள்ளிச்சட்டியை அவளிடம் நீட்டினான். அது மயானம் சேரும்வரை தரையில் வைக்கக் கூடாதது. கூட்டத்தில் ஒரு பெரியவர், பொம்பளை கையில் சட்டியைக் கொடுக்காதே என்றார். ஸ்ரீநாத் திரும்பவில்லை.

“புடிக்கா.”

பிடித்துக்கொண்டாள். சூடு கயிற்றைத் தாண்டி விரலுக்கு வந்தது. அவன் படியில் ஏறி, எம்பி, ஷட்டரின் அடிப்பட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினான். சின்ன வயதில் இதே பட்டையில் தொங்கி அப்பாவிடம் அடி வாங்கியவன், இப்போது நாற்பது வயதில், வேட்டி அவிழ்கிற மாதிரி தொங்கினான். இரும்பு முனகியது. இறங்கவில்லை. மறுபடி தொங்கினான். கை வழுக்கிக் கீழே வந்து நின்றபோது உள்ளங்கையில் ரத்தம்.

பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தான். மூடிக் கிடந்த கடைகளை ஒவ்வொன்றாக, கடைசிவரை பார்த்தான். பிறகு உள்ளே, வெயில் விழுந்த அலமாரியை.

“சரி. தொறந்தே இருக்கட்டும்,” என்றான்.

சட்டியை வாங்கிக்கொண்டு நடந்தான். ரதம் நகர்ந்தது. கண்ணாடிக்குள் அப்பாவின் முகம் கடையைக் கடந்து போனது. ஆசிக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நொண்டியபடி கூட்டத்தோடு போனார். பின் கேட் வரைதான் பெண்கள் போகலாம். கனிமொழி அதுவரைகூடப் போகவில்லை. படியிலேயே நின்றாள். மேளம் திரும்பி, மெயின் ரோட்டு ஹாரன்களுக்குள் கலந்து, தனியாகக் கேட்காமல் போனது.

ஜெபா எங்கிருந்தோ ஒரு துடைப்பக்கட்டையை எடுத்து வாசல் மண்ணைத் தள்ள ஆரம்பித்தாள். வீட்டைக் கழுவ ஆள் இருக்கிறார்கள், நீ போய்க் குளி, இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கனிமொழி தலையாட்டினாள். நகரவில்லை.

பின்பக்கம் புதிதாகக் கட்டிய ஃபிளாட்டுகளிலிருந்து ஒரு பெண், கேட் திறந்திருப்பதைப் பார்த்துக் குறுக்கு வழியாக வந்துகொண்டிருந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை, தோளில் லேப்டாப் பை. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். பாதையில் கிடந்த பூக்களை மிதிக்காமல் ஒதுங்கி வந்தவள், கடைக்கு முன்னால் நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

“கடை இருக்குதுங்களா? ஆறு வருசமா இந்தப் பக்கந்தான் குடியிருக்கேன், ஒரு நாளும் தொறந்து பாத்ததில்லைங்க. செருப்பு வார் அந்துபோச்சு. ஒரு சேஃப்டி பின் கிடைக்குங்களா?”

ஜெபா துடைப்பத்தை நிறுத்திவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“இருங்க. பாக்கறேன்,” என்றாள் கனிமொழி.

கல்லா மேசையின் பலகையைத் தூக்கி உள்ளே போனாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். இடது பக்கம் மூன்றாவது இழுப்பறை. இழுத்தாள். அது சத்தமே இல்லாமல் வந்தது.

அவ்வளவுதான், கண்ணுங்களா. எழுந்திருங்கள், வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டுக் கதவெல்லாம் திறக்கிறபோது திறந்து, சாத்துகிறபோது சாத்தட்டும். வாசலில் வந்து கேட்கிற யாரும் வெறுங்கையோடு திரும்பாத வீடாக, பிள்ளைகுட்டிகளோடு நிறைந்து இருங்கள்.