நொடிக்கு மூன்று

தான் அனுப்பிய அறிக்கையை டாக்டர் குமரகுரு பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்பது ஒரு மாதம் கழித்துத்தான் ரஞ்சனிக்குத் தெரிந்தது. அன்று வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஈ.ஈ.ஜி. எடுப்பது அவள் வேலை. தலையில் பசை தடவிக் கம்பிகளை ஒட்டி, மூளையின் மின்துடிப்பைத் திரையில் பதிவு செய்வாள். ஏழு வருடமாக அதே அறை, அதே நாற்காலி.

மல்லசமுத்திரத்தில் தறி ஓட்டும் மஞ்சுளா, ஒன்பது வயது மகள் மோகனப்பிரியாவை முதலில் அழைத்து வந்தது ஆடி மாதத்தில். பேசிக்கொண்டே இருக்கிற பிள்ளை பாதியில் நின்றுவிடுவாள். கண் நிலைகுத்திவிடும். பத்து எண்ணுவதற்குள், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். இடையில் நின்றதே அவளுக்குத் தெரியாது. வகுப்பில் பராக்குப் பார்க்கிறாள் என்று டீச்சர் முட்டிபோட வைத்திருக்கிறார்.

"நானுந்தானுங்க அடிச்சேன்," என்றாள் மஞ்சுளா. "கூப்புடக் கூப்புட மரமாட்ட நிக்கறாளேன்னு கரண்டியாலயே ஒண்ணு போட்டேன்."

ரஞ்சனி பிள்ளையின் கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, நிறுத்தாமல் ஊதச் சொன்னாள்; மூச்சு வேகமெடுத்தால் இந்த மாதிரி வலிப்பு தலைகாட்டிவிடும். இரண்டாவது நிமிடத்தில் ஊதல் நின்றது. அதே கணம் திரையில் அத்தனை கோடுகளும் ஒன்றாக எழுந்தன. ஒரு கூர்முனை, ஒரு அலை, மறுபடி கூர்முனை, மறுபடி அலை. நொடிக்கு மூன்று. பதினொரு நொடி ஓடிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கின. ஆப்சன்ஸ் என்கிற வலிப்பு வகை. கை கால் வெட்டாது, நினைவு மட்டும் அறுந்து ஒட்டும். படிக்கிற காலத்தில் புத்தகத்தில் பார்த்த படம் அச்சு அசலாக அதுதான். ரஞ்சனி அதை அச்செடுத்து, கட்டம் போட்டுக் குறித்து, உறையில் வைத்து ஒட்டி, டாக்டரின் மேசைக்கு அனுப்பினாள்.

ஆவணிக் கடைசியில் மஞ்சுளா மறுபடி வந்தாள். பிள்ளையின் வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டு.

"கஞ்சி வடிக்கறப்ப அப்படியே நின்னுட்டாளுங் மேடம். மொதல்ல நாளைக்கு அஞ்சாறு தடவ வந்துட்டிருந்துச்சு. மாத்தர தின்னதுக்கப்பறம் முப்பது நாப்பது தடவ வருதுங்க."

"என்ன மாத்திரைக்கா? சீட்டைக் குடுங்க."

கார்பமசெபின். வேறு வலிப்புகளுக்கு நல்ல மருந்துதான். ஆனால் இந்த வகையை அது கிளறிவிடும். ரஞ்சனி கோப்பைத் திறந்தாள். ஆடியில் அவள் ஒட்டிய உறை, ஒட்டியபடியே உள்ளே இருந்தது.

உறையைச் செல்போனில் படம் எடுத்துவிட்டு, கோப்போடு நேராக டாக்டரின் அறைக்குள் போனாள். கதவைத் தட்டவில்லை.

"சார், இந்தக் கவரைப் பிரிக்கவே இல்லையே?"

"வலிப்புன்னு சொன்னாங்க, வலிப்பு மாத்திரை குடுத்தேன். நீ கம்பி ஒட்டறதோட நிறுத்திக்கம்மா."

ரஞ்சனி உறையைக் கிழித்து, தாளை அவர் முன்னால் விரித்தாள். "பாருங்க சார். இப்பவாவது பாருங்க."

அவர் பார்த்தார். பிறகு சீட்டை இழுத்து, மாத்திரையை எப்படிப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது என்று குறித்தார். அதன் கீழே, இந்த வகைக்கென்றே உள்ள எத்தோசக்சிமைட் மருந்தை எழுதினார். மஞ்சுளாவை உள்ளே கூப்பிட்டு, "நோய் கொஞ்சம் முத்திருச்சும்மா. அதான் மருந்தை மாத்தறேன்," என்றார்.

மஞ்சுளா இரண்டு கையும் கூப்பி அவரைக் கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடுதான் ரஞ்சனியைக் கொளுத்தியது. வெளியே வந்ததும் மஞ்சுளாவை ஓரமாக நிறுத்தினாள். "நோய் முத்தலக்கா. முதல்ல குடுத்த மருந்து தப்பு. நான் அனுப்பின கவரை டாக்டர் பிரிச்சே பாக்கல."

"வெளங்கலீங்களே மேடம்."

"மூளைக்கு நடுவுல தலாமஸ்னு ஒரு இடம் இருக்கு. முழிச்சிருக்கறப்போ அங்க இருக்கற செல்லுங்க ஒவ்வொண்ணாத் துடிக்கும். கண்ல பட்டது, காதுல விழுந்தது எல்லாம் அப்படித்தான் மேல போவும். தூங்கறப்போ கொத்துக்கொத்தாத் துடிக்கும், வெளிச் சேதி அவ்வளவா உள்ள போவாது. அந்தக் கொத்தைக் கிளப்பிவிடறது கால்சியம் நுழையற ஒரு சின்ன வாசல். பாப்பாவுக்கு முழிச்சிருக்கறப்பவே அந்தக் கொத்துத் துடிப்பு வந்துருது. எல்லாம் ஒண்ணா ஒரே தாளத்துல அடிக்குது. இந்தப் புது மருந்து அந்த வாசலை அடக்கும். பழசு வேற வாசலுக்கானது."

"கால்சியமுன்னா, நான் பாலு குடுத்ததாலயாங்க?"

"இல்லக்கா. பாலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

மஞ்சுளா மகளின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "அப்ப நாங் கூப்புட்டது அவளுக்குப் போய்ச் சேரவே இல்லீங்களா?"

"இல்லக்கா."

மஞ்சுளா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் அவள் குரல் கேட்டது.

"ஏனுங் டாக்டரு, அந்தக் கவரப் பிரிக்க உங்களுக்கு எவ்வளவு நேரமாயிருக்குமுங்க? எம்புள்ள கையி வெந்து போச்சுங்க."

அவர் மணியை அழுத்தினார். செக்யூரிட்டி வந்தான். மஞ்சுளா நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பழைய மாத்தர தப்புன்னு பைலுல எழுதுங்க. எழுதாம நான் போவ மாட்டேன்."

அவர் ஏதோ எழுதி நீட்டினார். மஞ்சுளா அதை, பின்னாலேயே வந்து நின்ற ரஞ்சனியிடம் கொடுத்தாள். ரஞ்சனி வராந்தாவுக்கே கேட்கிற மாதிரி படித்தாள்: "மருந்து மாற்றப்பட்டது."

"ஏன்னு எழுதச் சொல்லுங்க மேடம்."

மூன்றாவது தடவைதான் எழுதினார். அறிக்கையைப் பார்க்காமல் மருந்து கொடுத்ததாகவும், அதனால் வலிப்பு அதிகமானதாகவும். கையெழுத்துப் போடும்போது பேனா தாளைக் கிழித்தது.

ரஞ்சனிக்கு மறுநாளே மெமோ வந்தது, நோயாளியைத் தூண்டிவிட்டாளாம். பதிலாக உறையின் படத்தையும் பதிவின் நகலையும் வைத்தாள். நிர்வாகம் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

ஐப்பசியில் எடுத்த பதிவில் கூர்முனை ஒன்றுகூட இல்லை. மோகனப்பிரியா நிறுத்தாமல் பள்ளிக்கூடக் கதை பேசினாள். டீச்சர் இப்போது தன்னை முன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார் என்றாள்.

"இப்ப கோவம் போயிருச்சாக்கா?" என்று கேட்டாள் ரஞ்சனி.

"எங்கீங்க போவுது? டாக்டரு மேல, டீச்சரு மேல, எல்லாரு மேலயுந்தான் இருக்குது. எம்மேலதான் சாஸ்தி. அந்தக் கரண்டியத் தூக்கி எறிஞ்சு போட்டேனுங்க."

ரஞ்சனி பிள்ளையின் தலையில் ஒட்டியிருந்த பசையை வெந்நீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைக்க ஆரம்பித்தாள்.