பிடிமானத்துக்குக் கொத்தியது

சுவரில் சுண்ணாம்புப் பூச்சு நிற்க வேண்டுமென்றால் அடியில் பிடிமானம் வேண்டும். வழவழப்பான பரப்பின் மேல் பூசினால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. அதனால் கொத்தனார்கள் பழைய பூச்சைக் கூர்சுத்தியலால் கொத்தி, குழி குழியாக்கிவிட்டுத்தான் புதியதைப் பூசுவார்கள். இது தெரியாமல்தான் தேவாலயத்து ஃபாதரும் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் ஒரு மூக்குக்காகச் சண்டை போட்டார்கள்.

அவர்கள் சண்டை போட்ட கூடம் முதலில் மாதா கோயில். படையெடுப்புக்குப் பின் பள்ளிவாசல். இப்போது நகராட்சியின் காட்சிக்கூடம். சென்ற மழையில் கூரை ஒழுகி, ஒரு பாளம் பூச்சு விழுந்தது. அடியில் ஒரு புனிதரின் முகம், முகமெல்லாம் குழிகள்.

"பாத்தீங்களா ஹஜ்ரத், உங்க முன்னோர் கைவண்ணம்" என்றார் ஃபாதர்.

"மூடி வெச்சதாலதான் ஃபாதர், இன்னிக்குப் பாக்கறதுக்கு ஒரு மூஞ்சி இருக்கு. நன்றி சொல்லாட்டியும் பரவால்ல."

படத்தின் கீழே வைக்கும் பலகையில் 'படையெடுத்தவர்கள் சிதைத்த முகம்' என்று எழுத வேண்டும் என்பது ஃபாதர் கட்சி. 'பள்ளிவாசல் காத்த முகம்' என்பது ஹஜ்ரத் கட்சி. இருவரும் ஒத்துப்போகும்வரை சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது என்றது நகராட்சி.

ஓவியத்தைப் பழுதுபார்க்க நகராட்சி அமர்த்தியிருந்த பெண்ணுக்கு உயிரே போயிற்று. விரல் முட்டியால் தட்டினால் நல்ல பூச்சு 'திண்' என்று ஒலிக்கும். புனிதரின் கன்னம் காலி டப்பா போல ஒலித்தது. உள்ளே சுவரைவிட்டுக் கழன்றிருக்கிறது என்று அர்த்தம். ஊசியால் சுண்ணாம்புப் பால் செலுத்தி ஒட்டவைக்காவிட்டால், அடுத்த மழையில் முகம் தரையில் கிடக்கும்.

அவள் இருவரையும் சாரத்தில் ஏற்றி, பூச்சு உடைந்த விளிம்பைக் காட்டினாள்.

"மூணு அடுக்கு இருக்கு. அடியில முகம். மேல, குர்ஆன் வசனம் எழுதுன வெள்ளைப் பூச்சு. நடுவுல சிவப்புக் கோடு தெரியுதா? அது சிலுவை. குழிக்குள்ள அடைச்சிருக்கிறது அந்தச் சிலுவைப் பூச்சுதான்."

"சிலுவை எங்களோடதாச்சே" என்றார் ஃபாதர்.

"ஆமா ஃபாதர். உருவம் வரையறது பாவம்னு ஒரு காலத்துல உங்க ஆளுங்களுக்குள்ளேயே அடிதடி. ஜெயிச்சவங்க முகத்தைக் கொத்தி, மேல பூசி, சிலுவை போட்டாங்க. கோபத்துல கொத்துனா கண்ணைத்தான் குத்துவாங்க. இந்தக் குழி, முகம் இல்லாத வெறும் சுவர்லயும் ஒரே சீரா இருக்கு. பிடிமானத்துக்குக் கொத்துனது."

ஹஜ்ரத் தாடியைத் தடவிச் சிரித்தார்.

"நீங்க சிரிக்காதீங்க ஹஜ்ரத். உங்க ஆளுங்க பாத்தது சிலுவையை மட்டும்தான். உள்ள முகம் இருக்குன்னே தெரியாது. அப்புறம் எங்க காப்பாத்துறது?"

இருவரும் இறங்கினார்கள்.

"இதெல்லாம் வெளிய தெரியணுமா?" என்றார் ஃபாதர்.

"எனக்கும் அவசியமாப் படல. மூடிடலாம்" என்றார் ஹஜ்ரத்.

அவ்வளவு காலத்துப் பகையில் முதல் ஒற்றுமை. உடனே அவளுடைய கொழுந்தனை அழைத்தார்கள்; அங்கே கொத்தனார் அவன்தான். கூர்சுத்தியலோடு வந்து முகத்தை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணி, பூசணும்னா கொத்தணும். மூக்குல ஆரம்பிக்கவா, நெத்தியிலயா?"

ஃபாதர் திடுக்கிட்டார். "மறுபடியும் கொத்தணுமா?"

"பிடிமானம் வேணுமே சாமி. யாராவது ஒருத்தர் சொல்லுங்க, செஞ்சிடுறேன்."

"ஹஜ்ரத், நீங்களே சொல்லிடுங்க."

"நல்லா இருக்கே. செய்யாததுக்கே இத்தனை காலம் பழி சுமந்தோம். இப்ப செஞ்சுட்டு வேற சுமக்கணுமா?"

கொழுந்தன் சுத்தியலைக் கீழே வைத்தான். அவள் அந்த நிமிஷத்தை விடவில்லை. "அப்ப ஊசி போட விடுங்க. பலகையில உங்க ரெண்டு பேரையும் இழுக்கல. 'கொத்தனார்கள் கொத்தியது'ன்னு மட்டும் எழுதுறேன்."

"அருமை" என்றார் ஃபாதர். "அதான் நியாயம்" என்றார் ஹஜ்ரத்.

அன்று மாலை அவள் புனிதரின் கன்னத்து விரிசலில் ஊசியை வைத்துச் சுண்ணாம்புப் பாலைச் செலுத்தினாள். கீழே கொழுந்தன் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டே முணுமுணுத்தான்:

"சண்டை போட்டது அவங்க. கடைசியில பழி எங்க ஆளுங்க மேலயா அண்ணி?"

"பேசாம கலக்கு" என்று சொல்லிவிட்டு அவள் கன்னத்தை மெல்லத் தட்டினாள். ஒலி கொஞ்சம் கனத்திருந்தது.