ஒரு சுற்றுக் குறைந்த ஸ்பிரிங்

அந்த வாரம் லிஃப்ட்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அன்றிலிருந்து அது கால் மணி நேரம் பிந்தி ஓடியது. செவ்வாய்க்கிழமை, சொட்டாத குழாய்க்கு வாஷர் மாற்றினார். குழாய் சொட்ட ஆரம்பித்தது. அடுத்து இஸ்திரிப் பெட்டியைத் திருகுளியோடு நெருங்கியபோது மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னும் ஒரு சாமானைத் தொட்டீங்க, உங்களையே கழட்டி வெயில்ல காயப் போட்டுடுவேன். லீவு போட்டுட்டு வந்து ஏன்தான் இப்படி உயிரை வாங்கறீங்களோ!"

ஏன் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. சனிக்கிழமை மகள் போகிறாள். எட்டு மணி நேரக் கார்ப் பயணத்துக்கு அப்பால் ஓர் ஊரில், கண்ணாடித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. நல்ல வேலைதான். அவளே தேடி, அவளே எழுதிப் போட்டு, அவளே வாங்கியது. மூன்று மாதத்துக்கு முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சேதியைச் சொன்னாள். இருபத்தேழு வருடம் பதினெட்டு மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்த மனிதர், எவ்வளவு உயரத்திலும் தலை சுற்றாதவர், அன்றைக்குத் தட்டை நகர்த்திவிட்டு, "போறதுன்னா ஒரேயடியாப் போயிடு" என்றார்.

சொன்ன மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான். மகள் கை கழுவ எழுந்து போனாள். மறுநாளிலிருந்து இருவரும் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டார்கள். கரன்ட் பில், மழை, கார் என்று எல்லாம் பேசினார்கள். அந்த ஒரு வாக்கியம் மட்டும் வீட்டுக்கு நடுவே நகர்த்த முடியாத பீரோ மாதிரி நின்றது. சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவர் ஒரு வழி வைத்திருந்தார். முகத்துக்கு நேரே பேச அவருக்கு வராது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் வரும். சனிக்கிழமை காரை மகள் ஓட்டுவாள்; அவர் பக்கத்தில் உட்கார்ந்து போய், சாமான்களை இறக்கிக் கொடுத்துவிட்டு, காரையும் அவளிடமே விட்டுவிட்டு ரயிலில் திரும்புவதாக ஏற்பாடு. எட்டு மணி நேரம். அதில் முதல் ஏழு மணி நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாலும், கடைசி ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். ரயில் டிக்கெட்டை மூன்று நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயதான கார். முன்பாதி வேகத்துக்கென்றே பிறந்தது. எஞ்சினைக் கிளப்பினால் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும். பின்பாதியோ குடும்பஸ்தன். எஸ்டேட் கார் என்பார்களே, கூரை கடைசிவரை நீண்டு, பின்கதவைத் திறந்தால் ஒரு கட்டிலையே உள்ளே தள்ளலாம், அந்த வகை. மகளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அதன் பின்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்து, "அப்பா, இது ஏன் பின்னாடி மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டாள். சாமான் ஏறினால் பின்பக்கம் அமுங்கிச் சமமாக வேண்டும் என்று கம்பெனிக்காரன் யோசித்து வைத்த உயரம் அது. அதை அவர் அன்றைக்கே அவளுக்குச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மகள் கேட்டுவிட்டாளே என்று, "ஒரு நாள் இறக்கிடலாம் பாப்பா" என்று சொல்லிவைத்தார்.

முன்பக்கத்தைப் போன வருடம் இறக்கினார். பின்பக்கத்துக்குக் குட்டை ஸ்பிரிங் சொல்லிவைத்திருந்தார். புதன்கிழமை காலையில் கடைக்காரர் போன் செய்து, வர இன்னும் மூன்று வாரமாகும் என்றார். மூன்று வாரம்! வேறு யாராக இருந்தாலும், சரி, போகட்டும் என்று விட்டிருப்பார்கள். இவர் போனை வைத்த கையோடு ஷெட்டுக்குப் போய் ஜாக்கியை உருட்டினார். பழைய ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிட்டால் போதும். தொழில் தெரிந்தவன் செய்கிற காரியமில்லை அது என்று அவருக்கே தெரியும். ஆனால் கை அரித்தது. சொன்ன வாக்குகளில் ஒன்றையாவது நல்லதாக நிறைவேற்றிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

ஜாக்கி சத்தம் கேட்டு மகள் வந்தாள். பெட்டி கட்டுகிற வேலையைப் போட்டுவிட்டு, பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"ஒரேயடியா வெட்டப் போறீங்களா?"

"ஒரு சுத்துதான்."

"ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க. ஸ்டாண்டு போடுங்க முதல்ல."

"எனக்கே சொல்றியா?" என்றார். உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

இரண்டு நாள் வேலை. சக்கரத்தைக் கழற்றி, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டை எண்ணெய் விட்டு விட்டு இளக்கி, சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையை இறக்கி ஸ்பிரிங்கை வெளியே எடுத்தார்கள். அளந்து சாக்பீஸ் கோடு போட்டது மகள். வெட்டியது அவர். தீப்பொறி அடங்கியதும் தரையில் இரண்டு இரும்பு வளையங்கள் கிடந்தன. திரும்பப் பூட்டும்போது அவர் போல்ட்டுகளை அங்கேயே இறுக்கிவிடப் போனார். மகள் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டாள்.

"சக்கரம் அந்தரத்துல தொங்கும்போது முறுக்கினா ரப்பர் புஷ் கிழிஞ்சிடும்பா. வண்டி தரையில உக்காரட்டும். அப்புறம் இறுக்கலாம்."

அவருக்குத் தெரிந்த விஷயம்தான். அவசரத்தில் விட்டுவிட்டார். அந்த இரண்டு நாளில் இப்படி எத்தனையோ முறை இருவர் கையும் ஒரே ஸ்பானரில் இருந்தது. ஒவ்வொரு முறையும் மன்னிப்பு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சனிக்கிழமை இருக்கிறதே, ரோடு இருக்கிறதே என்று விழுங்கினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு எதிர்ச் சுவரோரம் போய்ப் பார்த்தார்கள். முன்னும் பின்னும் ஒரே மட்டம். பின்பக்கத்தில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே முன்பு நான்கு விரல் போகும். இப்போது கச்சிதமாக இரண்டு விரல். மகள் விசிலடித்தாள். இருபத்தைந்து வயதுப் பெண் பன்னிரண்டு வயது முகத்தோடு நின்றாள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. காலி வண்டியைப் பார்த்துத்தான் இவ்வளவு சந்தோஷம் என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் சாமான் ஏற்றினார்கள். இரும்பு மேசை, மெத்தை, ஆறு பெட்டி புத்தகம், அம்மா பார்த்துப் பார்த்துக் கட்டிய பாத்திரங்கள், எல்லாவற்றுக்கும் மேலே அவர் மகளுக்கென்று நிரப்பிய டூல் பெட்டி. கடைசியாக அவரும் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். மகள் காரை நகர்த்தினாள். வாசல் பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் பின்னாலிருந்து சர்ர்ரென்று ஒரு சத்தம்.

லிஃப்ட்காரர் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கி வந்து பார்த்தார். டயர் மட்கார்டுக்குள் போய் முட்டிக்கொண்டு நின்றது. விரல் என்ன, ஒரு காகிதம்கூட நுழையாது. எட்டு மணி நேரம் போனால் டயர் வழியிலேயே கிழியும்.

சுமை ஏற்றிப் பார்க்காமல் எந்த லிஃப்ட்டுக்கும் கையெழுத்துப் போடாத மனிதர்! சோதனைக்கென்று இரும்புக் கட்டிகளை எண்ணி எண்ணி ஏற்றச் சொல்லிப் பையன்களை வறுத்தெடுத்தவர்! காலிப் பெட்டி எல்லாம் நல்லாத்தான் ஓடும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தன் காரைக் காலியாகவே பார்த்து ரசித்துவிட்டார். வெட்டிய சுற்றை ஒட்ட முடியாது.

மனைவி வாசலில் நின்றபடி மெதுவாகக் கேட்டாள். "வேணும்னே செஞ்சீங்களா?"

"சத்தியமா இல்ல" என்றார். சொல்லும்போதே அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. அது அவரை உலுக்கிவிட்டது.

மகள் பின்கதவைத் திறந்து இறக்க ஆரம்பித்தாள். மெத்தை இறங்கியது. புத்தகத்தில் நான்கு பெட்டி இறங்கியது. பாத்திரப் பெட்டியில் கை வைத்ததும் மனைவி பாய்ந்து வந்தாள்.

"என் பாத்திரம்தான் கனமா? உங்க இரும்புக் கடையை இறக்குங்க முதல்ல!"

"இந்த வண்டிக்கு இனிமே அதான் சோறு. அது இருக்கட்டும்" என்றார் அவர்.

மறுபடி ஏறி உட்கார்ந்தார்கள். மறுபடி பள்ளம். மறுபடி சர்ர்ர். இந்தத் தடவை சன்னமாக, ஆனால் கேட்டது.

"மேசையை எடுத்துடலாம்பா" என்றாள் மகள். "தரையில உக்காந்து எழுதிக்கறேன். நீங்க வாங்க."

அவர் முன்சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கனம் தாங்காமல் லிஃப்ட்டில் மணி அடித்தால் கடைசியாக ஏறினவர் இறங்க வேண்டும். எத்தனை மாடியில், எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பார்! முறைத்துக்கொண்டு உள்ளேயே நிற்பவர்களை எத்தனை முறை கையைப் பிடித்து வெளியே அழைத்திருப்பார்! இப்போது அவருக்கு மட்டும் கால் எழவில்லை. எட்டு மணி நேரம் கண்ணெதிரே கரைந்தது.

"மேசை இருக்கட்டும். நான்தானே கடைசியா ஏறினேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். கார் ஒரு மூச்சு விட்ட மாதிரி பின்பக்கம் லேசாக எழும்பியது.

"அப்பா..."

"நீ எறங்காத. அப்படியே உக்காரு, அளந்துடறேன்."

பின்சக்கரத்தின் பக்கம் தரையில் மண்டியிட்டு, கன்னத்தைக் காரோடு ஒட்டி, கையை மட்கார்டுக்குள் விட்டார். மகளின் முகம் அங்கிருந்து தெரியவில்லை. அவர் முகமும் அவளுக்குத் தெரியாது. டயர் ரப்பரின் வாசனைதான் இருந்தது.

"பாப்பா."

"சொல்லுங்கப்பா. விரல் போகுதா?"

"அன்னிக்கு ஒரேயடியாப் போயிடுன்னு சொன்னேன்ல. அது தப்பு. வாயில வரக்கூடாதது வந்துடுச்சு. நீ வரணும். எப்ப தோணுதோ அப்பல்லாம் வரணும். நான் இங்கதான் இருப்பேன்."

முன்சீட்டிலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியும்பா. கையை எடுங்க, நசுங்கிடும்."

"ஒரு விரல் தாராளமாப் போகுது" என்றார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டபோது கண்ணில் ஏதோ தூசி என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவைத்தார். யாரும் நம்பவில்லை.

கார் கிளம்பியது. தெருக்கோடியில் ஒரு பெரிய வேகத்தடை இருக்கிறது. லிஃப்ட்காரர் நடு ரோட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார். அங்கே உரசினால் அவள் திரும்பித்தான் வர வேண்டும். இன்னொரு நாள், இன்னொரு வாரம். உரசட்டும், உரசட்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று வெட்கமில்லாமல் கெஞ்சியது. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை. கார் வளைவில் திரும்பி மறைந்தது.

"சுத்தமா இருக்கு வேலை" என்றார் யாரிடமோ.

ஷெட்டுக்குப் போனார். காலியான தரையில் எண்ணெய்க் கறையும், மூலையில் இரண்டு இரும்பு வளையங்களும் இருந்தன. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தார். அந்த வாரத்தில் முதல் முறையாக அவர் கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அதைப் பார்த்துவிட்டுத்தான் மனைவிக்குப் பயம் வந்தது. உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியையும் ஒரு திருகுளியையும் எடுத்துக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள்.

"சூடே வர மாட்டேங்குது. என்னன்னு பாருங்க" என்றாள்.

அது நன்றாகத்தான் சூடாகும் என்று அவருக்குத் தெரியும். முதல் திருகைக் கழற்றினார்.