தலைக்கட்டுக்கு ஒரு கை

எங்கள் ஒத்தப்பனைக்குத் தனி ஊராட்சி வேண்டும் என்று மூன்று மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். பகலில் பஞ்சு மில் வேலை, சாயங்காலம் நோட்டீஸும் கையுமாக அலைச்சல். ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, நூறுநாள் வேலை எல்லாமே மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரியமந்தை மனது வைத்தால்தான். அங்கே எவர் தலைவராக வந்தாலும் எங்கள் ஊர் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு ஊரும் சேர்ந்து உட்காரும் ஆகஸ்ட் பதினைந்து கிராமசபையில் தீர்மானம் நிறைவேறினால் கலெக்டருக்குப் போகும். தவறினால் இன்னும் ஐந்து வருடத்துக்குப் பேச்சே கிடையாது.

"வெள்ளக்காரன் போன அன்னைக்கே நாமளும் பிரியிறோம்," என்று எங்கள் குழுத் தலைவர் பால்ச்சாமி மாமா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் கோயில் வரி வாங்குவதுபோலவே செய்வார். கல்யாணமான ஆண் இருக்கும் வீடு ஒரு தலைக்கட்டு. அந்த வீட்டுக்காக அவன் ஒருவன் வந்தால் போதும். கிராமசபைக்கும் அதே கணக்கைத்தான் வைத்திருந்தார்.

"நூத்திப் பதினாலு தலைக்கட்டு. அம்புட்டுப் பேரும் வாராக," என்றார் முந்தின நாள்.

"பொம்பளைக?"

"அதான் வீட்டுக்கு ஒருத்தர் வாராகல்ல. அவுக எதுக்கு வெயில்ல?"

"அப்ப நான் எந்தத் தலைக்கட்டுல வாரேன், மாமா?"

மாமா தலைக்கட்டு எழுதிய ஊர் நோட்டை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். என் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம். அப்போதே ஊர் நோட்டில் என் வீட்டை அடித்துவிட்டார்கள். சாமி கும்பிட மட்டும் தடையில்லை. வேறு ஒருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் பெரியமந்தைப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்திருந்தார்கள். எங்கள் ஆண்கள் வெள்ளை வேட்டியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பெரியமந்தைக்காரர்கள் புருஷன், பெண்டாட்டி, ஓட்டு வந்த பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக இருநூறுக்கு மேல். மாமாவின் முகம் சுண்டிப்போனது.

"பொம்பளைகளையும்ல கூட்டியாந்துருக்காக," என்றார்.

"அவுகளுக்கும் ஓட்டு இருக்குல்ல மாமா."

மாரீஸ்வரிக்குப் போன் போட்டேன். எங்கள் ஊரில் டிராக்டர் ஓட்டும் ஒரே பெண் அவள்.

"ஏ மாரி, டிரெய்லரப் பூட்டு. அடுப்புல என்ன கெடந்தாலும் எறக்கி வச்சிட்டு எல்லாரையும் ஏறச் சொல்லு."

"எதுக்குன்னு கேட்டா?"

"கைதூக்கன்னு சொல்லு."

அன்றைய கூட்டப் பட்டியலில் தனி ஊராட்சி ஏழாவது பொருளாக இருந்தது. நான்காவது தெருவிளக்கு. எழுந்து நின்றேன். ஒத்தப்பனையில் பத்தொன்பது விளக்குக் கம்பம். ஒவ்வொன்றாகக் கேட்டேன்: எரிகிறதா, எத்தனை நாளாக எரியவில்லை, யாரிடம் சொன்னோம், அவர் என்ன சொன்னார். ஒன்பதாவது கம்பத்தில் ஊராட்சிச் செயலர் பேனாவை மூடினார்.

"ஏம்மா, சட்டுனு முடிங்க."

"வெளக்கு எரிஞ்சிருந்தா எப்பவோ முடிச்சிருப்பேன் சார்."

பதினாறாவது கம்பத்துக்கு வந்தபோது டிராக்டர் சத்தம் கேட்டது. மீதி மூன்றையும் செயலருக்கே விட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி எங்கள் பெண்கள் இறங்கினார்கள். மாரீஸ்வரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், ஏழாவது பொருள் வருவதற்குள் இன்னொரு லோடு இறக்கிவிட்டு அவளும் வந்து உட்கார்ந்தாள்.

கைதூக்கச் சொன்னார்கள். எதிர்ப்பு இருநூற்று ஆறு. ஆதரவை இரண்டு தடவை எண்ணினார் செயலர். இருநூற்று முப்பத்தொன்று. தீர்மானம் நிறைவேறியது.

ஆதரித்தவர்கள் வரிசையில் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். என் முறை வந்தது. ஆறு வருடமாக எங்கள் ஊர்க் கணக்கு எதிலும் இல்லாத பெயரை நிறுத்தி எழுதினேன். கண் கலங்கியது. யார் பார்த்தால் என்ன என்று துடைக்காமலே நின்றேன்.

மாமா சந்தோஷத்தில் என் பக்கம் குனிந்தார். "இனி தனி ஊராட்சிதான் தாயி. தலைவருக்கு யார நிறுத்தலாம்னு நம்ம ஆளுக கூடிப் பேசணும்."

"பேச என்ன இருக்கு? நான் நிக்கிறேன்."

"யோசிக்கணும்லம்மா," என்றார் மெதுவாக.

"யோசிங்க மாமா," என்றேன். நான் யோசிக்கவில்லை. வரிசையை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆண்கள் நூற்றுப் பதினாலு. பெண்கள் என்னோடு சேர்த்து நூற்றுப் பதினேழு.